பந்துக்காகக் காத்து நிற்காத கீப்பர்

கேள்வி: லெவ் யாஷினை உலகின் தலைசிறந்த கோல்கீப்பர் என்கிறார்கள். ஆனால் 1962 உலகக் கோப்பையில் சோவியத் அணி தோற்றதற்கு அவர்தான் காரணம் என்றும் படித்தேன். அப்படியிருக்க, அடுத்த வருடமே ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலன் டோர் விருது அவருக்கு எப்படிக் கிடைத்தது? அவருடைய ஆட்ட வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

பதில்:

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 1962-இல் அவர் தவறே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்த தவறைவிட விழுந்த பழி பல மடங்கு பெரியது. 1963-இல் கிடைத்த விருது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது கிடையாது. அந்த வருடம் அவர் ஆடிய ஆட்டத்துக்கு அது நியாயமாகச் சேர வேண்டியது. இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால் அவர் எப்படிப்பட்ட கீப்பர் என்று தெரிய வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

யாஷின் 1929 அக்டோபர் 22-இல் மாஸ்கோவில் பிறந்தவர். தொழிலாளர் குடும்பம், அப்பா உலோகப் பட்டறைத் தொழிலாளி. 1941-இல் ஜெர்மன் படை உள்ளே வந்ததும் ஆலைகளைக் கிழக்கே நகர்த்தினார்கள். இவர்கள் குடும்பமும் வோல்கா கரையில் உள்ள உல்யானோவ்ஸ்க் நகரத்துக்குப் போனது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் ராணுவத் தளவாட ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பெரியவர்களோடு ஷிப்ட், பெரியவர்களோடு பசி, பெரியவர்களோடு சிகரெட். வயிற்றுப் புண் அந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்டது, கடைசிவரை விடவில்லை. உலகமே கொண்டாடிய நாட்களிலும் சமையல் சோடா மாவை உடன் வைத்திருப்பார், வலி வந்தால் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார்.

போர் முடிந்தது, மாஸ்கோ திரும்பினார்கள், மறுபடியும் ஆலை. பதினெட்டு வயதில் ஒருநாள் அவரால் முடியாமல் போயிற்று. வீட்டை விட்டு வெளியேறினார், வேலைக்குப் போவதையும் நிறுத்தினார். அன்றைய சோவியத் சட்டப்படி சொல்லாமல் வேலைக்கு வராமல் இருப்பது தண்டனைக்குரிய குற்றம். நண்பர் ஒருவர் சொன்ன யோசனைப்படி தானாகவே முன்வந்து ராணுவச் சேவையில் சேர்ந்தார். அங்கே ஆடிக்கொண்டிருந்தபோதுதான் டைனமோ மாஸ்கோ கிளப்பின் இளையோர் பயிற்சியாளர் அர்காடி செர்னிஷேவ் அவரைப் பார்த்தார். டைனமோ என்பது உள்துறை அமைச்சகத்தின் கிளப். போலீஸ்காரர்களின் அணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த செர்னிஷேவைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கால்பந்துக்காரர் மட்டும் அல்ல. பின்னாளில் சோவியத் ஐஸ் ஹாக்கி அணியை வருடா வருடம் உலக சாம்பியன் ஆக்கியவர்களில் ஒருவர்.

1950-இல் யாஷின் டைனமோவின் முதல் அணிக்காக ஒரு நட்பு ஆட்டத்தில் இறங்கினார். எதிரணி ஸ்டாலின்கிராட் நகரத்தின் டிராக்டர் அணி. எதிர் கீப்பர் தன் பாக்ஸிலிருந்து (கோலுக்கு முன்னால், கீப்பர் கையால் பந்தைத் தொடக்கூடிய கட்டம்) ஓங்கி உதைத்தார். பந்து காற்றில் ஏறி மைதானம் முழுக்கக் கடந்து வந்தது. யாஷின் அதைப் பிடிக்க முன்னால் ஓடி, தன் அணி டிபெண்டர் மேலேயே மோதினார். பந்து குதித்து உருண்டு கோலுக்குள் போயிற்று. முதல் ஆட்டத்திலேயே எதிர் கீப்பரிடம் கோல் வாங்கியவர் இவர்.

சரி, அது நட்பு ஆட்டம் என்று விடலாம். அந்தக் கோடையில் ஸ்பார்ட்டக் அணியோடு லீக் ஆட்டம். டைனமோ 1-0 என்று முன்னிலையில் இருந்தது. கடைசிக் கட்டத்தில் முதல் கீப்பருக்கு அடிபட்டதால் யாஷினை இறக்கினார்கள். ஒரு உயரப் பந்துக்கு வெளியே பாய்ந்தார். மறுபடியும் சொந்த அணிக்காரர் மேல் மோதல், காலியான கோலில் ஸ்பார்ட்டக்கின் பார்ஷின் பந்தைத் தள்ளிவிட்டார். ஆட்டம் 1-1. அடுத்து டிபிலிசி டைனமோவோடு 4-1 என்று இருந்த ஆட்டம் 4-4 ஆகி, எப்படியோ 5-4 என்று தப்பித்தார்கள். அப்புறம் இரண்டு வருடத்துக்கு மேல் முதல் அணியின் கோல் பக்கமே அவரை விடவில்லை.

கவனியுங்கள், முதல் இரண்டு விபத்துக்கும் காரணம் ஒன்றுதான். அவர் வெளியே வந்தார். அன்றைக்குக் கீப்பர் என்றால் கோட்டில் நிற்பவர், வருகிற பந்தைத் தடுப்பவர். டைனமோவின் முதல் கீப்பர் அலெக்ஸி ஹோமிச் 1945-இல் பிரிட்டன் சுற்றுப்பயணம் போய் ‘புலி’ என்று பெயர் வாங்கி வந்தவர், கோட்டில் நின்று பாய்வதில் மன்னன். அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பேசாமல் கோட்டிலேயே நின்றுவிடலாம் என்று இருபது வயதுப் பையன் முடிவெடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் கல்லூரியில் கீப்பராக நின்றவன். இப்படி ஒரு தடவை வெளியே போய்க் கோல் வாங்கிவிட்டு, அந்த சீசன் முழுக்கக் கோலுக்கு முன்னால் உள்ள ஆறு கெஜக் கோட்டைத் தாண்டவே இல்லை. அந்த பயம் உடம்பில் உட்கார்ந்துவிடும். அதனால்தான் யாஷின் அந்த இரண்டு வருடத்தில் என்ன செய்தார் என்பது எனக்கு அவர் வாங்கிய கோப்பைகளைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

அவர் ஐஸ் ஹாக்கி ஆடப் போனார். அங்கேயும் கோல்கீப்பர்தான். 1953-இல் டைனமோ ஹாக்கி அணி சோவியத் கோப்பையை வென்றபோது கோலில் நின்றவர் யாஷின். ஹாக்கியில் கோல் சின்னது, ‘பக்’ என்கிற அந்த ரப்பர் வட்டு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வரும். கோட்டிலேயே நின்றால் தொலைந்தோம். முன்னால் நகர்ந்து வந்து, அடிப்பவருக்குத் தெரிகிற இடைவெளியைக் குறைக்க வேண்டும். என் கணிப்பில், வெளியே வருவதை அவர் விட்டுவிடாமல், எப்போது வர வேண்டும் என்று கற்றுக்கொண்டது அந்தப் பனித்தரையில்தான். இன்னொன்றும் கற்றுக்கொண்டார்: வாயைத் திறக்க. 1950-இல் இரண்டு முறையும் மோதியதற்குக் காரணம், ‘பந்து என்னுடையது’ என்று டிபெண்டருக்குத் தெரியாமல் போனதுதான். பிற்காலத்து யாஷின் ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பார். யார் யாரைப் பிடிக்க வேண்டும், யார் பின்னால் வர வேண்டும், யார் ஒதுங்க வேண்டும் என்று பின்னால் இருந்து ஒரு குரல் போய்க்கொண்டே இருக்கும்.

1953-இல் ஹோமிச் மின்ஸ்க் போனார். (ஆட்டத்தை விட்ட பிறகு அவர் விளையாட்டுப் புகைப்படக்காரர் ஆனார். கோலுக்கு முன்னால் நின்ற மனிதர் கேமராவோடு கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.) யாஷின் இடத்தைப் பிடித்தார். ஹாக்கியை விட்டார். அதன் பிறகு 1970 வரை டைனமோவை விட்டு எங்கேயும் போகவில்லை. லீக்கில் 326 ஆட்டம், ஐந்து லீக் பட்டம் (1954, 1955, 1957, 1959, 1963), மூன்று சோவியத் கோப்பை.

அவர் ஆட்டத்தில் என்ன புதுசு என்று கேட்டால், ஒன்றிரண்டை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஓரத்திலிருந்து கிராஸ், அதாவது கோல் முன்னால் தூக்கி அடிக்கும் பந்து, வருகிறது. மற்ற கீப்பர்கள் தலையால் அடிக்கப்போகிறவரைப் பார்த்துக்கொண்டு கோட்டில் தயாராக நிற்பார்கள். யாஷின் பந்து காலை விட்டுக் கிளம்பும்போதே கிளம்பிவிடுவார். பிடிக்க முடிந்தால் பிடிப்பார். கூட்டமாக இருந்தால் முஷ்டியால் குத்தி அனுப்புவார். பிடித்துவிட்டால் அடுத்தது இன்னும் முக்கியம். அந்தக் காலத்தில் கீப்பர் பந்தைப் பிடித்ததும் மேலே உதைத்துவிடுவார். அது யாருக்கு வேண்டுமானாலும் போகும். யாஷின் கையை முழுக்கச் சுழற்றி, ஓரத்தில் ஓடத் தொடங்கிய தன் ஆளின் காலுக்கு எறிவார். எதிரணி தாக்க வந்த பாதி பேர் இன்னும் இந்தப் பக்கம் நிற்பார்கள். பந்து அந்தப் பக்கம் போயிருக்கும். இன்று எடர்சன், மானுவல் நோயர் போன்ற கீப்பர்கள் செய்வதைப் பார்த்துக் கீப்பரிடமிருந்தே தாக்குதல் ஆரம்பிக்கிறது என்கிறோமே, அதன் பழைய வடிவம் இது.

பாக்ஸுக்கு வெளியே வந்தால் கையைப் பயன்படுத்த முடியாது. அதனால் காலால் விரட்டுவார், தலையாலும் முட்டுவார். அவர் தட்டைத் தொப்பி போட்டு ஆடிய காலம் அது. உயரப் பந்துக்கு ஓடி வந்து, தொப்பியைக் கழற்றி, தலையால் முட்டிவிட்டு, மறுபடியும் தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பி நடந்த கதையை ரஷ்யர்கள் இன்றும் சொல்வார்கள். ‘கறுப்புச் சிலந்தி’ என்று தென் அமெரிக்காவிலும் ‘கறுப்புச் சிறுத்தை’ என்று ஐரோப்பாவிலும் பெயர் வந்தது அவர் கம்பளிச் சட்டையால். உண்மையில் அது கறுப்பு இல்லை, கருநீலம்.

தேசிய அணிக்கு 1954 செப்டம்பரில் முதல் ஆட்டம், ஸ்வீடனை 7-0 என்று அடித்தார்கள். 1955 ஆகஸ்டில் அப்போதைய உலக சாம்பியன் மேற்கு ஜெர்மனி மாஸ்கோ வந்து 3-2 என்று தோற்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம். நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஒலிம்பிக் வேறு விதத்தில் நினைவிருக்கும்: இந்திய அணி நான்காவது வந்தது அங்கேதான். இந்தியாவை அரையிறுதியில் வென்ற யூகோஸ்லாவியாவை இறுதியில் சோவியத் 1-0 என்று வென்றது. சோவியத்திடம் அரையிறுதியில் தோற்ற பல்கேரியா, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இந்தியாவை வென்றது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஆடி வளர்ந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் அந்த இந்திய அணியில் இருந்தார்.

1958 ஸ்வீடன் உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிரான ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். பெலேவுக்கும் சரி, கரிஞ்சாவுக்கும் சரி, உலகக் கோப்பையில் அதுதான் முதல் ஆட்டம். தொடங்கிய உடனே கரிஞ்சா அடித்தது கம்பத்தில் பட்டது, பெலே அடித்ததும் கம்பத்தில் பட்டது, மூன்றாவது நிமிடத்தில் வாவா கோல் போட்டார். அப்படி ஆரம்பித்த ஆட்டம் 2-0-உடன் முடிந்தது என்றால் அதற்குப் பெரிய காரணம் யாஷின். 1960-இல் பாரிஸில் முதல் ஐரோப்பியக் கோப்பை இறுதி. மறுபடியும் யூகோஸ்லாவியா, கூடுதல் நேரத்தில் பொனடெல்னிக் தலையால் முட்டிய கோலில் சோவியத் 2-1 என்று வென்றது. யாஷின் நிற்காமல் இருந்திருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்கே போயிருக்காது. அந்தத் தொப்பி திருட்டுப் போனதும் அந்த இரவில்தான் என்பார்கள்.

இனி 1962, சிலி. உங்கள் கேள்வியின் நடுப்புள்ளி.

ஜூன் 3, அரிக்கா நகரம். எதிரணி கொலம்பியா, உலகக் கோப்பைக்குப் புதுசு. பதினோரு நிமிடத்தில் சோவியத் 3-0. இடைவேளைக்குப் பிறகு 4-1. முடிந்த ஆட்டம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். 68-ஆவது நிமிடத்தில் கொலம்பியாவின் மார்க்கோஸ் கொல் கார்னர் (மைதான மூலையிலிருந்து அடிக்கும் பந்து) எடுத்தார். தாழ்வாக வந்த பந்து கிட்டக் கம்பத்துக்கு முன்னால் தரையில் பட்டது. அங்கே டிபெண்டர் கிவி சொகேலி நிற்கிறார். பின்னால் யாஷின். யார் எடுப்பது என்று ஒரு நொடிக் குழப்பம். சொகேலி விட்டுவிட்டார், யாஷினுக்கு எட்டவில்லை. பந்து கம்பத்துக்கும் கீப்பருக்கும் நடுவே நேரே உள்ளே போயிற்று. ஆண்கள் உலகக் கோப்பை வரலாற்றில் கார்னரிலிருந்து யார் மேலும் படாமல் நேரடியாக விழுந்த கோல் இன்றுவரை அது ஒன்றுதான். அதன் பிறகு சோவியத் அணி ஆடிப்போனது; இன்னும் இரண்டு கோல், 4-4. யோசித்துப் பாருங்கள், 1950-இல் அவரை வீழ்த்தியதும் இதே விஷயம்தான்: கீப்பருக்கும் டிபெண்டருக்கும் நடுவே பந்து யாருடையது என்று தெரியாமல் போவது. பத்து வருடத்துக்கு மேல் கத்திக் கத்திச் சரிசெய்து வைத்திருந்த இடத்தில் ஒரே ஒரு ஓட்டை, அது உலகக் கோப்பையில் திறந்தது.

ஜூன் 10, அதே மைதானம், காலிறுதி, போட்டியை நடத்தும் சிலி. 11-ஆவது நிமிடத்தில் லியோனல் சான்செஸ் ஓரத்திலிருந்து ஃப்ரீ கிக்கில் கோல். சோவியத்தின் சிஸ்லெங்கோ சமன் செய்தார். இரண்டே மூன்று நிமிடத்தில் எலாடியோ ரோஹாஸ் வெகு தூரத்திலிருந்து அடித்தார், அதுவும் உள்ளே. 2-1, சோவியத் வெளியே. ஃப்ரீ கிக்கில் யாஷின் நின்ற இடம் சரியில்லை என்று சொல்லலாம். ரோஹாஸ் அடித்ததைத் தடுத்திருக்கலாம் என்றும் சொல்லலாம். ஆனால் சோவியத் அணிக்கு அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. ஒரு கோல் போடத் தெரியவில்லையே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏன் பேசவில்லை? சோவியத் நாட்டில் யாரும் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. சிலியிலிருந்து நேரடி ஒளிபரப்பு கிடையாது. செய்தித்தாளில் வந்ததுதான் செய்தி, அங்கே போயிருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய நிருபர்கள் எழுதியதுதான் உண்மை. அவர்கள் யாஷினைக் கைகாட்டினார்கள். அந்த ஊரில் தோல்விக்கு ஒரு ஆள் தேவைப்பட்ட காலம் அது. இரண்டு வருடம் கழித்து ஐரோப்பியக் கோப்பையில் இரண்டாம் இடம் வந்ததற்காகப் பயிற்சியாளர் பெஸ்கோவைப் பதவியிலிருந்தே தூக்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாஷின் ஊர் திரும்பியதும் மைதானத்தில் அவர் பந்தைத் தொட்டாலே விசில். ஓய்வு எடுத்துப் போ என்று கூச்சல். வசைக் கடிதங்கள், வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைப்பு. முப்பத்திரண்டு வயது. அவரும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தார். டைனமோ பயிற்சியாளர் பொனமார்யோவ் அவரை அவசரப்படுத்தவில்லை, கொஞ்ச நாள் விட்டுவிட்டார். யாஷினுக்குத் தூண்டில் என்றால் உயிர். கிராமத்துப் பக்கம் போய் மீன் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு மெல்ல மெல்ல, மாஸ்கோவில் விசில் அதிகம் என்பதால் வெளியூர் ஆட்டங்களில் முதலில் இறங்கி, திரும்ப வந்தார்.

1963-இல் அவர் லீக்கில் 27 ஆட்டம் ஆடினார். வாங்கிய கோல் மொத்தம் 6. டைனமோ சாம்பியன். இருபத்தேழு ஆட்டத்தில் ஆறு கோல் என்பதை நான் முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

அதே வருடம் இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்துக்கு நூறு வயது. அக்டோபர் 23, வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு எதிராக உலக அணி. டி ஸ்டெஃபானோ, யூசேபியோ, கோபா, மசோபுஸ்ட், டெனிஸ் லா எல்லோரும் இருந்த அணி. கோலில் யாஷின், அதற்கு முந்தைய நாள்தான் அவருக்கு 34 வயது நிறைந்திருந்தது. அந்த உலக அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? ஃபெர்னாண்டோ ரியேரா. 1962-இல் சிலி அணியின் பயிற்சியாளர். எந்த ஆட்டத்துக்காக யாஷினைச் சொந்த ஊரில் தூற்றினார்களோ, அதே ஆட்டத்தை எதிர்ப் பக்கத்திலிருந்து கண்ணால் பார்த்தவர். அந்த மனிதர் உலக அணியின் முதல் பாதிக்கு யாஷினைத்தான் நிறுத்தினார். அரிக்காவில் நடந்ததைப் பற்றி இதைவிட நம்பகமான சாட்சி எனக்குத் தெரியாது. முதல் பாதியில் ஜிம்மி கிரீவ்ஸ் உட்பட இங்கிலாந்துக்காரர்கள் அடித்ததெல்லாம் யாஷினைத் தாண்டவில்லை. இடைவேளையில் 0-0. அவர் வெளியேறிய பிறகு இங்கிலாந்து 2-1 என்று வென்றது.

நவம்பர் 10, ரோம். ஐரோப்பியக் கோப்பைக்கான ஆட்டம், இத்தாலி கட்டாயம் வெல்ல வேண்டும். சோவியத் ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது இத்தாலிக்குப் பெனால்டி. அடித்தவர் சாண்ட்ரோ மசோலா. யாஷின் தடுத்தார். ஆட்டம் 1-1, இத்தாலி வெளியே. அந்த வருட பாலன் டோர் வாக்கெடுப்பில் யாஷினுக்கு 73 புள்ளி, இரண்டாவது வந்த இத்தாலியின் ரிவேராவுக்கு 55, கிரீவ்ஸுக்கு 50. இன்றுவரை வேறு எந்தக் கோல்கீப்பருக்கும் அந்த விருது கிடைக்கவில்லை.

பெனால்டி என்றதும் ஒரு விஷயம். யாஷின் 150 பெனால்டி தடுத்தார் என்று எல்லா இடத்திலும் போடுகிறார்கள். நான் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். லீக்கில் 326, நாட்டுக்காக 74, ஆக 400 ஆட்டம். நட்பு ஆட்டங்களை எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும், 150-ஐத் தடுக்க வேண்டுமானால் எத்தனை பெனால்டி அவரை நோக்கி அடித்திருக்க வேண்டும்? கணக்கு இடிக்கிறது. அவர் பெருமைக்கு அந்த எண் தேவையும் இல்லை.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1964 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் மாட்ரிட்டில் ஸ்பெயினிடம் 2-1 தோல்வி. 1966 இங்கிலாந்து உலகக் கோப்பையில் 36 வயதில் அரையிறுதி வரை கொண்டுபோனார். அங்கே மேற்கு ஜெர்மனியிடம் 2-1 தோல்வி, சோவியத்துக்கு நான்காம் இடம். உலகக் கோப்பையில் அந்த நாடு எட்டிய உச்சம் அதுதான். 1970-இல் மெக்சிகோவுக்கு மாற்றுக் கீப்பராகப் போனார், ஆடவில்லை.

1971 மே 27, மாஸ்கோ லெனின் மைதானத்தில் பிரியாவிடை ஆட்டம். லட்சம் பேர் கூடினார்கள். உலக நட்சத்திர அணியில் பாபி சார்ல்டன், யூசேபியோ, கெர்ட் முல்லர். ஐம்பது நிமிடம் போல நின்றார், கோல் வாங்கவில்லை. வெளியேறும்போது கையுறையைக் கழற்றி இளம் கீப்பர் விளாதிமிர் பில்குயிடம் கொடுத்தார். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் விசிலடித்த அதே ஊர் அன்றைக்கு எழுந்து நின்றது.

பின்னாளில் உடம்பு அவரை வாட்டியது. புகையை விடவே இல்லை, காலில் ரத்த ஓட்டம் கெட்டது. 1980-களில் பழைய வீரர்களோடு ஹங்கேரி போயிருந்தபோது புடாபெஸ்டில் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. 1990 மார்ச் மாதம் ‘சோஷலிச உழைப்பு வீரர்’ என்ற நாட்டின் உயர்ந்த பட்டத்தைக் கொடுத்தார்கள். மார்ச் 18-இல் பதக்கம் கைக்கு வந்தது. 20-ஆம் தேதி காலமானார், வயிற்றுப் புற்றுநோய். அறுபது வயது.

அவர் ஆட்டத்தைப் பார்க்க ஆசை இருந்தால் பாய்ந்து தடுக்கும் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோக்களில் ஆரம்பிக்காதீர்கள். 1963 வெம்ப்ளி ஆட்டத்தின் முதல் பாதியைத் தேடிப் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். இங்கிலாந்துக்காரர் ஓரத்தில் பந்தோடு தலை நிமிர்வதற்குள் அவர் கோட்டை விட்டு ஓரடி, ஈரடி நகர்ந்திருப்பார்.